இடி, சூறாவளி, புயல்

ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அதனால இன்னைக்கு ஒரு வரலாற்றுப் பதிவு. ஹீரோ ஒரு மர ரோலர் கோஸ்டர். இடம், நியூயார்க் புரூக்ளின் கடற்கரையில இருக்கற கோனி ஐலண்ட்.

முதல்ல கொசுவத்தி சுத்திக்குவோம். 1884-ல லாமார்கஸ் தாம்ப்சன் இங்க 'ஸ்விட்ச்பேக் ரயில்வே'ன்னு ஒண்ணு ஓட்டினார். வேகம் மணிக்கு 6 மைல், டிக்கெட் 5 சென்ட். மாட்டுவண்டிய விட கொஞ்சம் தேவலை, அவ்ளோதான். ஆனா ஜனம் அள்ளுச்சு. 1920-ல இருந்து அதே 5 சென்ட்டுக்கு சப்வே ஏறி கோனி ஐலண்ட் வரலாம்னு ஆனதும் கூட்டம் பல மடங்காச்சு.

கூட்டம் வந்தா போட்டியும் வரும்ல? 1925-ல தண்டர்போல்ட், 1926-ல டொர்னாடோ, 1927 ஜூன் 26 அன்னைக்கு சைக்ளோன். இடி, சூறாவளி, புயல். வானிலை அறிக்கை கேக்கற மாதிரியே இருக்கும்!

சைக்ளோனுக்குப் பணம் போட்டது ஜாக், இர்விங் ரோசந்தால் சகோதரர்கள். வடிவமைச்சவர் வெர்னன் கீனன், கட்டினவர் ஹாரி பேக்கர். உயரம் 85 அடி, பாதை நீளம் 2,640 அடி, 12 இறக்கங்கள், வேகம் மணிக்கு சுமார் 60 மைல். எல்லாம் ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். டிக்கெட் 25 சென்ட், அதாவது சப்வே கட்டணத்தைப் போல அஞ்சு மடங்கு.

பொட்டி தட்டுறவன் ஆனாலும் படிச்சது இன்ஜினியரிங்காச்சே, கொஞ்சம் டெக்னிக்கல். மோட்டார் செய்யற வேலை, சங்கிலி வச்சு ரயிலை உச்சிக்கு இழுக்கறது மட்டும்தான். அதுக்கப்புறம் எல்லாம் புவியீர்ப்பு பார்த்துக்கும். மேட்டுல ஏறி விழும்போது ரயில் பறந்துடாம இருக்க, பாதைக்கு அடியிலயும் சக்கரம் உண்டு. இந்த ஐடியாவுக்கு ஜான் மில்லர் 1919-லயே காப்புரிமை வாங்கிட்டார். தாங்கி நிக்கற சட்டகம் எஃகு. பாதை மட்டும் அடுக்கடுக்கா மரப்பலகை, அதுக்கு மேல இரும்புப் பட்டை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மூணுல ஏன் ஒண்ணு மட்டும் மிஞ்சுச்சு?

டொர்னாடோ 1977-ல தீயில போச்சு. தண்டர்போல்ட் 1982-ல நின்னுச்சு. அதுக்கு அடியில ஒரு வீடு இருக்கும், வூடி ஆலனோட 'ஆனி ஹால்' படத்துல பார்த்திருப்பீங்க. அந்தப் புகழ் எதுவும் அதைக் காப்பாத்தல. 18 வருஷம் கொடி படர்ந்து நின்னு, 2000 நவம்பர்ல நகர நிர்வாகமே இடிச்சுத் தள்ளுச்சு.

சைக்ளோனுக்கும் அதே கதி வந்திருக்கணும். 1970-களின் ஆரம்பத்துல அது நகராட்சி கையில. பக்கத்துல இருந்த மீன் காட்சியகத்தை விரிவாக்க அந்த இடம் வேணும்னு இடிக்கப் பார்த்தாங்க. ஊர்க்காரங்க எதிர்ப்புக் கிளப்பினாங்க. கடைசியில ஆஸ்ட்ரோலேண்ட் பூங்காவை நடத்தின ஆல்பர்ட் குடும்பம் குத்தகைக்கு எடுத்து, செப்பனிட்டு, 1975 ஜூலை 3 அன்னைக்கு மறுபடி ஓட விட்டாங்க.

நகரச் சின்னம்ங்கற அந்தஸ்து 1988-ல, தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டுல இடம் 1991-ல. தேதிகளை கவனிங்க. பட்டம் வர்றதுக்கு முன்னாடியே 13 வருஷம் ஓடி, ரிப்பேர் ஆகிட்டிருந்துச்சு. சட்டம் இடிக்கறதைத் தடுக்கும், சரி. ஆனா உளுத்த பலகையை யார் மாத்தறது? கடல் உப்புக்காத்துல வருஷா வருஷம் பெயிண்ட் யார் அடிக்கறது? 2008-ல ஆஸ்ட்ரோலேண்ட் மூடினப்புறம், இந்த வேலை லூனா பார்க் கைக்குப் போச்சு. 2024 ஆகஸ்ட்ல சங்கிலியை இழுக்கற பல்சக்கரத்துல விரிசல் விட்டு ரயில் பாதியில நின்னுச்சு. ஆளுங்களைப் பத்திரமா இறக்கி, மூடி, சரிபண்ணி, மறுபடி திறந்தாங்க.

1927-ல போட்ட பலகை இன்னைக்கு எத்தனை மிஞ்சியிருக்கும்? பாதையை பகுதி பகுதியா புது மரத்துல மாத்திட்டேதான் இருக்காங்க. அப்ப இது அதே சைக்ளோன் தானான்னு கேட்டா, என் பதில் ஆமாம். அதே வளைவு, அதே இறக்கம், அதே அலறல். தண்டர்போல்ட் பேர்ல 2014-ல அங்கயே புதுசா ஒரு எஃகு கோஸ்டர் வந்துச்சு. பேர் அதேதான், ஆனா அது வேற வண்டி.

நம்ம பொழப்புல மெயின்டனன்ஸ் ப்ராஜெக்ட்னு சொன்னாலே எல்லாரும் மூஞ்சியைச் சுளிப்போம். புதுசா எழுதறவனுக்குத்தான் கைத்தட்டல். கீனன், பேக்கர் பேரெல்லாம் வரலாற்றுல இருக்கு. காலையில கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பாதை மேல நடந்து ஆணி ஆணியா சரிபார்த்தவங்க பேரு எங்கயும் இல்லை. மூணுல ஒண்ணாவது இன்னும் ஓடுதுன்னா அவங்களாலதான்.

சரி, நம்ம ஆணியைப் பார்க்கப் போறேன். வர்ட்டா!