யாருடைய மீன்? சுத்துக்கேணி வாய்க்காலும் நாட்டு மீன்களின் வரலாறும்



ஏரிகளின் வரலாற்றை வெட்டிய அரசனிடமிருந்து தொடங்குவது வழக்கம். நாம் அதில் வாழ்ந்த மீனிடமிருந்து தொடங்குவோம்.

சங்கராபரணி ஆற்று நீரை ஊசுட்டேரிக்குக் கொண்டு சேர்ப்பது சுத்துக்கேணி வாய்க்கால். ஐப்பசி, கார்த்திகையில் புதுவெள்ளம் வந்தால் மீன் எதிர்நீரில் ஏறும். விரால், குரவை, கெளுத்தி, கெண்டை எல்லாம் வாய்க்கால் வழியே வயலிலும் குட்டையிலும் பரவும். ஆழமில்லாத நீரில் முட்டையிடும். வெள்ளம் வடிகையில் குஞ்சுகள் ஏரிக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும். ஆறு, வாய்க்கால், வயல், ஏரி நான்கும் சேர்ந்ததுதான் நாட்டு மீனின் வீடு.

நிலமில்லாத சேரி மக்களுக்கு இந்த மீனைப் பிடிக்க முதல் தேவைப்படவில்லை. ஊத்தா, பறி, தூண்டில் போதும். கூலி கிடைக்காத அடைமழை நாட்களில் அடுப்பெரிந்தது இதனால்தான். விதை போட்டவர் யாரும் இல்லை. ஆகவே தனக்கே சொந்தம் என்று சொல்லவும் ஆளில்லை.

1816இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷெனோ இங்கிருந்து மீன்களைப் பாரிசு அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1828 முதல் குவியேவும் வலான்சியேனும் வெளியிட்ட மீன் நூல் தொகுதிகளில் அவை இடம்பெற்றன. அனுப்பியவர் பெயர் அறிவியலில் நிலைத்தது. சேற்றில் இறங்கிப் பிடித்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

வீழ்ச்சிக்குப் பல காரணங்கள். ஆழ்துளைக் கிணறுகளும் மணல் கொள்ளையும் கோடையில் மீன் ஒதுங்கும் மடுக்களை வற்றச் செய்தன. வயலில் தெளித்த பூச்சிமருந்து குஞ்சுகளைக் கொன்றது. மீன் ஏறும் வழியைத் தடுப்பணைகள் மறித்தன. 1952இல் இந்தியாவுக்கு வந்த திலேப்பியா நீர்நிலைகளை நிறைத்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை அரசு 2000இல் தடைசெய்தும் அது ஒழியவில்லை.

இவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. 1957இல் ஹிராலால் சவுத்ரி ஊசி மூலம் கெண்டை இனங்களை முட்டையிட வைக்கும் முறையை நிறுவினார். அதன்பின் கங்கைப் படுகையின் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் தென்னக ஏரிகளுக்குப் பெருமளவில் வந்தன. உற்பத்தி பெருகியது, மறுப்பதற்கில்லை. ஆனால் குஞ்சு விட்டவனுக்கே மீன் என்றானது. ஏலமும் குத்தகையும் வந்தன. ஏலம் எடுக்கப் பணம் வேண்டும். நேற்றுவரை உணவாக இருந்தது இன்று திருட்டானது. மீனினம் மாறியபோது உரிமையும் கைமாறியது.

இப்போது மீட்பு பற்றிப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் ஆறுகளில் நாட்டினக் குஞ்சுகளை விடுகிறார்கள். வரவேற்போம். ஆனால் மடுவும் வழியும் இல்லாத ஆற்றில் விட்ட குஞ்சு எத்தனை நாள் வாழும்? 1906இல் பிரெஞ்சுக்காரர் கட்டிய செல்லிப்பட்டு அணை 2021 வெள்ளத்தில் உடைந்தது. இனிக் கட்டும் எந்த அணையிலும் மீன் ஏற வழி விடச் சொல்வோம். சினைக்காலத்தில் வாய்க்காலை அடைத்து வலை கட்டுவதைத் தடுக்கச் சொல்வோம்.

மீண்டு வரும் மீன் யாருக்கு என்பதையும் கேட்க வேண்டும். 1999இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம், நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் ஏரிச் சங்கத்தில் இடம் உண்டு என்றது. அந்த இடத்தை நாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரியில் 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊரில் மீன் ஏலத்தை யார் முடிவு செய்வார், யார் தட்டிக்கேட்பார்?

1927 மார்ச் 20 அன்று மகாடு சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அள்ளிய நீர், பொதுக்குளம் பொதுவானதே என்று அறிவித்தது. குளத்தின் மீனுக்கும் அது பொருந்தும். தோட்டி முதல் கூலிவரை இந்த ஏரிகளைக் காத்த உழைப்பு நம்முடையது. மாணவர்கள் தங்கள் ஊர் முதியவர்களிடம் போய் மீன்களின் பெயரையும், அவை ஏறிய வழியையும், அவற்றைப் பிடிக்கத் தடை வந்த காலத்தையும் எழுதி வாருங்கள். நம் கோரிக்கை மனுவுக்கு அதுவே முதல் ஆவணம்.