தாழிக்குள் இருந்தவள் யார்?

ஆதிச்சநல்லூரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு சீக்கிரமே இரும்பு வாளுக்கும் பொன்பட்டத்துக்கும் போய்விடுகிறது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணிக் கரையில் உள்ள அந்தப் பரம்பில் 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-இல் தொடங்கிப் பல பருவங்கள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். ஈட்டி, வாள், வெண்கலப் பாத்திரங்கள், பொன்பட்டங்கள் என்று அவருடைய பட்டியல் நீள்கிறது. நான் கேட்பது வேறு: அந்தத் தாழிகளுக்குள் இருந்த பெண்கள் யார்?

இந்தக் கேள்விக்குச் சாட்சி சொல்லக்கூடியது பல். உடலிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேலுள்ள எனாமல். நெருப்பையும் மண்ணையும் எலும்பைவிட அதிகமாகத் தாங்கும். ஆறு வயதை ஒட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லும், பன்னிரண்டை ஒட்டி இரண்டாவதும் முளைக்கின்றன. பதினேழுக்குப் பிறகே ஞானப்பல் வரும். அதனால் சிறு வயதில் இறந்தவரின் வயதைப் பல் ஓரளவு நெருக்கமாகவே சொல்லிவிடும். தேய்மானம், சொத்தை, ஈறு நோயின் தடம் ஆகியவை ஒருவர் என்ன தின்றார், எப்படி வாழ்ந்தார் என்பதைக் காட்டும்.

பெயரைச் சொல்ல மட்டும் பல்லுக்குத் துணை வேண்டும். அந்தத் துணை கிடைத்த இடம் பாரிஸ். ரீ இங்கே தோண்டத் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1897 மே 4 அன்று, அங்கே ஓர் அறக்கொடைச் சந்தை தீப்பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கருகிப்போனார்கள். பெரும்பாலோர் மேட்டுக்குடிப் பெண்கள். முகம் எரிந்த உடல்களில் சிலவற்றை அவர்களின் பல் மருத்துவர்கள் தங்கள் குறிப்பேடுகளை வைத்து அடையாளம் காட்டினார்கள். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் தங்கை, அலென்சோன் சீமாட்டி, அப்படித்தான் கண்டறியப்பட்டார். மறு ஆண்டு கியூபாவைச் சேர்ந்த ஆஸ்கர் அமோயெடோ இத்துறைக்கென ஒரு நூல் எழுதினார். தடயவியல் பல் மருத்துவம் ஒரு துறையாக உருப்பெற்ற கதையில் எரிந்துபோன பெண்களே நடுவில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பல் மருத்துவரிடம் போக வசதி பெற்றிருந்தவர்கள்.

ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளுக்கு வேறு விதி வாய்த்தது. 1930-இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் சக்கர்மேன் அவற்றை அளந்து எழுதியபோது, அன்றைய அறிவியலின் பெரிய கேள்வி இனம் எது என்பதாகவே இருந்தது.

பொருளை வைத்துப் பாலைத் தீர்மானிக்கும் பழக்கமும் இதற்குச் சளைத்ததல்ல. வாள் இருந்தால் ஆண், மணி இருந்தால் பெண். ஸ்பெயினில் ஐயாயிரம் ஆண்டு பழைய செழிப்பான கல்லறை ஒன்றில் யானைத் தந்தங்களோடு கிடந்தவரை 'தந்த மனிதன்' என்று ஆணாகவே குறித்திருந்தார்கள். 2023-இல் பல்லின் எனாமலைச் சோதித்தார்கள், அவர் பெண். எனாமலில் அமெலோஜெனின் என்ற புரதம் உண்டு. அதன் எக்ஸ் வடிவம் எல்லோரிடமும் இருக்கும். ஒய் வடிவம் ஆண்களிடம் மட்டும். வெப்பத்தில் டி.என்.ஏ. சிதைந்த பிறகும் இது எஞ்சக்கூடும் என்பதால் நம் மண்ணுக்கு ஏற்ற சோதனை. குறையும் உண்டு: மிகச் சில ஆண்களிடம் ஒய் வடிவத்துக்கான மரபணுவே இருக்காது. இந்திய ஆண்களிடமும் இது கண்டறியப்பட்டிருக்கிறது. பல் சொல்வது உடலின் பாலை மட்டும். அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதை நாம் கவனமாகத்தான் படிக்க வேண்டும்.

2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஒரு பானைத் துண்டில் ஒட்டுருவமாக ஒரு பெண் நிற்கிறாள். பக்கத்தில் கொக்கும் மானும் முதலையும். மண்ணில் அவளுக்கு உருவம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 2025-இல் கீழடிக்கு அருகே கொந்தகைத் தாழிகளின் இரண்டு மண்டையோடுகளுக்கு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் முகம் வரைந்தது. இரண்டும் ஆண் முகங்கள். நம் முன்னோர் இவர்கள் என்று நாடே பார்த்தது. பாட்டியின் முகம் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

இது பழைய காலத்துக் குறை மட்டுமல்ல. 'சுமார் 35 வயது மதிக்கத்தக்க பெண் சடலம்' என்று நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். பிறகு சேலை நிறம், மூக்குத்தி, கால் மெட்டி. அவளுடைய பல் வயதைச் சொல்லும். பெயர் சொல்ல ஒப்பிட ஒரு எக்ஸ்ரே வேண்டும். நம் வீடுகளில் பெண்கள் பல்வலிக்குக் கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போகிறார்கள். தாங்க முடியாமல் போனால் பிடுங்கிவிட்டு வருகிறார்கள். ஒரு சீட்டுகூட மிஞ்சுவதில்லை.

பாரிஸ் சீமாட்டிக்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கும் எனாமல் ஒன்றுதான். உயிரோடு இருக்கும்போதே ஒருத்தியின் வாயைப் பார்த்து, அவள் பெயரோடு யாராவது எழுதி வைத்தார்களா என்பதுதான் வித்தியாசம்.