கணக்கும் குரலும்: இந்தியச் சுகாதாரக் கொள்கையில் செவிலியர் பிரதிநிதித்துவம் (1926–2023)

முன்னுரை

மருத்துவமனையில் நோயாளியின் அருகே மிகுதியான நேரம் இருப்பவர் செவிலியர். ஆயினும், மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் எவ்வாறு இயங்க வேண்டும் என முடிவு செய்த அவைகளில் செவிலியர்க்கு எத்தகைய இடம் இருந்தது என்பது தனித்து ஆராயத்தக்கது. அரசு செவிலியரை எண்ணிக்கையாகக் கணக்கிட்டமைக்கும், கருத்துரைக்கும் உரிமையுடையோராக ஏற்றமைக்கும் இடையிலான வேறுபாட்டைச் சட்டங்கள், குழு அறிக்கைகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பதிவேட்டின் தோற்றம்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. பயிற்சி பெற்றோரின் அமைப்பான இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908இல் உருவானது. சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டின் செவிலியர், தாதியர் சட்டம் பதிவேட்டையும் அதனைப் பேணும் குழுமத்தையும் நிறுவியது. செவிலியர் என்னும் சொல்லுக்குச் சட்டப் பொருள் கிடைத்தது இம்மாகாணத்தில் இதன் வழியேயாகும். எனினும், பதிவு என்பது தகுதியை உறுதிசெய்யும் ஏற்பாடு. ஊதியம், பணிநேரம், பணியிடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் அரசிடமே இருந்தது. பிற்காலச் சிக்கல்கள் பலவும் இப்பிரிவினையிலிருந்தே கிளைக்கின்றன.

1946 அறிக்கையின் கணக்கு

சர் ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைக்கப்பட்ட சுகாதார ஆய்வு, வளர்ச்சிக் குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. அன்று நாட்டில் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர். 43,000 பேருக்கு ஒருவர் என்பது அதன் விகிதம். 1971ஆம் ஆண்டுக்குள் மருத்துவர் எண்ணிக்கையை 1,85,000 ஆகவும் செவிலியர் எண்ணிக்கையை 7,40,000 ஆகவும் உயர்த்த அக்குழு இலக்கு வகுத்தது. ஒரு மருத்துவருக்கு நான்கு செவிலியர் என்பது இதன் உட்பொருள். மருத்துவப் பணியின் பெரும்பகுதி செவிலியரைச் சார்ந்தது என்பதை இவ்விகிதமே ஒப்புக்கொள்கிறது. ஆனால், முடிவெடுக்கும் அவைகளில் இவ்விகிதம் எதிரொலிக்கவில்லை.

1947 சட்டத்தின் இருக்கைகள்

இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் (1947) இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கது. மாநிலப் பதிவேட்டில் இடம்பெற்ற செவிலியர் ஒருவரை ஒவ்வொரு மாநிலக் குழுமமும் தேர்ந்தெடுத்து அனுப்ப இச்சட்டம் வழிசெய்தது. செவிலியர் சங்கத்திற்கும் ஓர் இடம் கிடைத்தது. அதே சட்டம் ஒவ்வொரு மாநிலத்தின் தலைமை மருத்துவ நிருவாக அலுவலருக்கும் பதவி வழியே இடமளித்தது. மாநிலச் செவிலியர் பணிக் கண்காணிப்பாளர்க்கோ சுழற்சி முறையிலேயே இடம் வாய்த்தது. மருத்துவ நிருவாகத்தின் இருப்பு நிலையானது. செவிலியர் நிருவாகத்தின் இருப்பு முறைவைத்து வருவது. மேலும், இக்குழுமத்தின் பணி பயிற்சித் தரத்தையும் தகுதி ஏற்பையும் சார்ந்ததாகவே அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட குரல் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேச முடிந்தது. வார்டில் எத்தனை பேர் பணியாற்ற வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இயலவில்லை.

குழுக்களும் தலைமையும்

பணிநிலைமைகளை ஆராயும் பொறுப்பு தனிக் குழுக்களுக்கு விடப்பட்டது. 1954இல் செவிலியரின் பணிநிலை, ஊதியம் ஆகியவற்றை ஆராய்ந்த குழுவுக்குச் சென்னை மாநிலச் சுகாதார அமைச்சர் ஏ.பி. ஷெட்டி தலைமை ஏற்றார். 1959இல் அமைந்த சுகாதார ஆய்வு, திட்டக் குழுவுக்கு மகப்பேறு மருத்துவரான ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைவர். துணைச் செவிலியத் தாதியரைப் பல்நோக்குப் பெண் சுகாதாரப் பணியாளராக மாற்றப் பரிந்துரைத்த 1973ஆம் ஆண்டுக் குழுவுக்குத் தலைவர் கர்த்தார் சிங் என்னும் அரசு அதிகாரி. 1987இல் உருவான செவிலியர் உயர்நிலைக் குழு, சமூகப் பணியாளர் சரோஜினி வரதப்பன் தலைமையில் 1989இல் அறிக்கை அளித்தது. செவிலியர்க்கென மத்திய, மாநில, மாவட்ட நிலைகளில் தனி நிருவாகக் கட்டமைப்பு வேண்டும் என்னும் கருத்து இவ்வறிக்கையில் வலுப்பெற்றது.

அமைச்சர், மருத்துவர், அதிகாரி, சமூகப் பணியாளர் என இந்நால்வரும் வெவ்வேறு துறையினர்; செவிலியர் எவருமிலர். இவர்களின் பரிந்துரைகள் செவிலியர்க்கு எதிரானவை எனக் கூறுவதற்கில்லை. செவிலியர் தம்மைப் பற்றிய ஆய்வில் சான்றளிப்போராக நின்றனர்; முடிவுரைப்போராக நிற்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

இந்த இடைவெளியின் விளைவைத் தமிழ்நாட்டில் 2017 நவம்பரில் காணலாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழி ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டு, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் பெற்றுவந்த செவிலியர் பணி நிரந்தரம் கோரிச் சென்னையில் போராடினர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்களைப் பணிக்குத் திரும்பப் பணித்தது. கொள்கை அவையில் பேசப்பட வேண்டிய பொருள் தெருவிலும் நீதிமன்றத்திலும் பேசப்பட்டது.

2023: பெற்றதும் இழந்ததும்

1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, தேசியச் செவிலியர், பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. 29 உறுப்பினர் கொண்ட ஆணையத்தின் தலைவர், செவிலியத் துறையில் முதுநிலைப் பட்டமும் குறைந்தது 20 ஆண்டு அனுபவமும் உடையவராதல் வேண்டும். தலைமை இருக்கை செவிலியர்க்கே உரியது எனச் சட்டம் கூறுவது பெரும் முன்னேற்றம். எனினும், பழைய சட்டத்தில் மாநிலந்தோறும் இருந்த தேர்தல் வழிக்கு மாறாக, புதிய ஆணையத்தில் நியமனமே முதன்மை பெறுகிறது. நியமிக்கப்பட்டவர் துறையறிவு மிக்கவராக இருக்கலாம். ஆனால், பதிவேட்டிலுள்ள செவிலியர்க்கு விடையளிக்கும் கடமை அவருக்குச் சட்டப்படி இல்லை.

முடிவுரை

செவிலியர் பிரதிநிதித்துவத்தைத் துறைத் தகுதி, தேர்தல், அதிகார வரம்பு என மூன்று கூறுகளாகப் பிரித்து நோக்குதல் வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலைத் தந்து அதிகார வரம்பைக் குறுக்கியது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் துறைத் தகுதியைத் தலைமையில் அமர்த்தித் தேர்தலைப் பின்தள்ளியது. பணியிட எண்ணிக்கையையும் ஊதியத்தையும் முடிவு செய்யும் அதிகாரம் இரு சட்டங்களுக்கும் வெளியே, மாநில அரசுகளிடம் உள்ளது. ஆகவே, தேசிய ஆணையத்தின் அமைப்பை மட்டும் கொண்டு செவிலியர் குரலை அளவிடுதல் நிறைவுடையதாகாது; மாநிலச் சுகாதாரத் துறையின் நிருவாக அடுக்கில் செவிலியர் எந்நிலை வரை முடிவெடுக்கின்றனர் என்பதே இனிவரும் ஆய்வுகள் கொள்ளத்தக்க அளவுகோலாகும்.