பெயரைச் சுமந்து சென்றவர்கள்

மாண்டினீக்ரோவின் பழைய தலைநகரான செட்டின்யேயில், விளாஷ்கா தேவாலயத்தின் முன்னே ஒரு பெண்சிலை நிற்கிறது. 'லொவ்ச்சென் மலையின் வனதேவதை' என்பது அதன் பெயர். ரிஸ்தோ ஸ்டியோவிச் என்னும் சிற்பி வடித்த அச்சிலை 1939ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தேவாலயத்தைச் சுற்றியுள்ள வேலியோ துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய துப்பாக்கிகளின் குழல்களால் ஆனது. போரில் வென்ற பொருளைக் கொண்டு வேலி கட்டிய மக்கள், அவ்வேலிக்கு அருகே எழுப்பிய இந்த நினைவுச்சின்னம் எந்த வெற்றிக்கும் உரியதன்று. போர்முனையை எட்டும் முன்பே கடலில் மூழ்கிப்போனவர்களுக்கானது அது.

முதல் உலகப்போரின்போது வட அமெரிக்காவின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்துக்கொண்டிருந்த சில நூறு பேர், தாய்நாட்டுக்காகப் போரிடவெனத் தாமாக முன்வந்து அட்லாண்டிக்கைக் கடந்து திரும்பினர். 1916 ஜனவரி 6. கிழக்கு மரபுக் கிறித்தவர்களின் நாட்காட்டிப்படி அது கிறிஸ்துமஸ் முந்தைய நாள். அல்பேனியக் கரையிலுள்ள மெதோவா துறையை நெருங்கிய வேளையில் அவர்கள் வந்த 'பிரிண்டிசி' என்னும் இத்தாலியக் கப்பல் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். அதே நாளில், உள்நாட்டில் மொய்கோவாட்ஸ் என்னுமிடத்தில், பின்வாங்கிச் செல்லும் செர்பியப் படையைக் காக்க மாண்டினீக்ரோப் படை ஆஸ்திரியர்களை எதிர்த்து நின்றது. அந்த மாதம் முடிவதற்குள் நாடே சரணடைந்தது.

புலம்பெயர்ந்தோரைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பிரிவின் துயரையும் ஊர் நினைவையும் பேசுகிறோம். மாண்டினீக்ரோவிலிருந்து சென்றவர்களின் வரலாற்றிலும் அவை உண்டு. ஆனால் அவற்றினும் கூர்மையான ஒரு கேள்வி அதனூடே ஓடுகிறது. ஒருவன் தன்னை எந்தப் பெயரால் அழைத்துக்கொள்வது? அவன் விட்டு வந்த நாட்டின் பெயரே மாறிப்போனால், மறைந்துபோனால், மீண்டும் தோன்றினால், அவன் யார்?

*

'செர்ணா கோரா' என்று அம்மக்கள் தம் நாட்டைக் குறிப்பிடுகின்றனர். 'மாண்டினீக்ரோ' என்பது அதன் வெனிஸ் மொழி வடிவம். இரண்டுக்கும் பொருள் கருமலை என்பதே. சுண்ணாம்புப் பாறைகளால் ஆன நாடு. மழை பெய்தாலும் நீர் பாறையிடுக்குகளில் இறங்கி மறைந்துவிடும். உழுவதற்கு நிலம் குறைவு. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 6,23,633 மட்டுமே. பஞ்சம், பழிக்குப்பழி வாங்கும் குலப்பகை, ஓயாத எல்லைப்போர் ஆகிய மூன்றும் மக்களை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தன.

அப்படிச் சென்றவர்களின் மிகப் பழைய குடியிருப்புகளுள் ஒன்று இஸ்த்ரியாவிலுள்ள பெரோய் என்னும் சிற்றூர். கொள்ளைநோயால் ஆளற்றுப்போன அந்நிலத்தில், வெனிஸ் குடியரசு 1657ஆம் ஆண்டில் செர்ம்னிட்சாப் பகுதிக் குடும்பங்கள் சிலவற்றைக் குடியேற்றியது. சுற்றிலும் கத்தோலிக்க ஊர்கள். நடுவில் கிழக்கு மரபுத் தேவாலயம். வெனிஸ், ஆஸ்திரியா, இத்தாலி, யூகோஸ்லாவியா, குரோவேசியா என ஆட்சிகள் மாறின. அவர்களுடைய வழித்தோன்றல்கள் தம் சமயத்தையும் எங்கிருந்து வந்தோம் என்னும் நினைவையும் கைவிடவில்லை.

வேறொரு வகையான வெளியேற்றமும் உண்டு. அதைப் பெருமிதத்தோடு சொல்ல இயலாது. 1878ஆம் ஆண்டின் பெர்லின் மாநாடு மாண்டினீக்ரோவின் தன்னுரிமையை ஏற்று, அதன் நிலப்பரப்பையும் பெருக்கியது. புதிதாகச் சேர்ந்த நிக்ஷிச், பொட்கோரிட்சா முதலான ஊர்களிலிருந்து முஸ்லிம் மக்கள் பெருந்திரளாக வெளியேறி, அன்றைய உஸ்மானியப் பேரரசின் பகுதிகளுக்குச் சென்றனர். இன்றைய அல்பேனியாவிலுள்ள ஷ்கோடர் நகரில் குடியேறியவர்கள் 'பொட்கோரிட்சாக்காரர்' என்றே அழைக்கப்பட்டனர். பிற்காலத்தில் பொட்கோரிட்சா நகரமே 1946 முதல் 1992 வரை டிட்டோகிராட் எனப் பெயர் மாறிக் கிடந்தது. ஊர் தன் பெயரை இழந்திருந்த அந்த ஆண்டுகளிலும், அங்கிருந்து துரத்தப்பட்டவர்களின் பேரர்களிடம் அப்பெயர் எஞ்சியிருந்தது.

*

அமெரிக்காவுக்கு முதலில் சென்றவர்கள் கடலோடிகள். கோட்டோர் விரிகுடாப் பகுதி இன்று மாண்டினீக்ரோவைச் சேர்ந்தது. 1918 வரையில் அது ஆஸ்திரியாவின் ஆளுகையில் இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட மாலுமிகள் கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்தில் அக்கரையை அடைந்தனர். 1880ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சங்கம் தோன்றியது. அதன் பெயர் 'செர்பிய-மாண்டினீக்ரோ இலக்கிய, நல்லுதவிச் சங்கம்'. நோயுற்றவனுக்கு உதவுவதும் இறந்தவனை முறைப்படி அடக்கம் செய்வதும் இத்தகைய சங்கங்களின் முதற்பணி. அப்படியிருந்தும் பெயரில் இலக்கியம் முன்னே நின்றது. நியேகோஷின் 'மலை மாலை' என்னும் 1847ஆம் ஆண்டுக் காவியத்தைத் தம் அடையாளமாகக் கொண்ட மக்களிடம் இது வியப்பன்று.

கோட்டோர் விரிகுடாப் பகுதியிலிருந்து வந்த பெற்றோருக்கு 1863இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த செபஸ்டியன் டாபோவிச் துறவியாகி, 1894இல் கலிபோர்னியாவின் ஜாக்சன் என்னும் சுரங்க ஊரில் புனித சாவா தேவாலயத்தை நிறுவினார். மேலைக் கண்டத்தின் முதல் செர்பிய மரபுத் தேவாலயம் அது. அடுத்த தலைமுறையின் குடியேறிகள் மலைநாட்டு உழவரும் ஆயருமாவர். மொண்டானாவின் செப்புச் சுரங்கங்களிலும் அரிசோனாவிலும் அலாஸ்காவிலும் அவர்கள் மண்ணுக்கடியில் இறங்கினர். வெட்டவெளியில் ஆடு மேய்த்தவன் இருட்டில் பாறை உடைக்கும் கூலியானான்.

அமெரிக்கக் குடிவரவு அலுவலர்கள் இவர்களை எப்படிப் பதிந்தனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அன்றைய அரசின் இனப்பட்டியலில் 'பல்கேரியர், செர்பியர், மாண்டினீக்ரோவினர்' ஒரே பிரிவு. 'தால்மேஷியர், பொஸ்னியர், ஹெர்ஸகோவினியர்' இன்னொரு பிரிவு. லொவ்ச்சென் மலையின் மேற்புறச் சரிவில் பிறந்தவன் தால்மேஷியனாகவும் கிழக்குப் புறத்தில் பிறந்தவன் பல்கேரியரோடு சேர்ந்தவனாகவும் எண்ணப்பட்டிருப்பர். ஒரே மொழி, ஒரே தேவாலயம், ஒரே சுரங்கம். பதிவேட்டில் மட்டும் இரண்டு இனம்.

தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா இவர்களின் முதன்மைப் புகலிடம். தாந்தில் ஊரின் கல்லுடைக்கும் களங்களில் இத்தாலியரோடும் ஸ்பானியரோடும் மாண்டினீக்ரோவினரும் உழைத்தனர். புவெனஸ் அயர்ஸ் தெருக்களில் பாவப்பட்ட கருங்கற்களில் பல அவர்களுடைய உளியை அறிந்தவை. வடக்கே சாக்கோ மாகாணத்தில் காடு திருத்திப் பருத்தி விளைவித்தவர்கள் தம் குடியிருப்புக்கு 'லா மாண்டினீக்ரினா' என்று பெயரிட்டனர்.

*

இனி 1918க்கு வருவோம். அவ்வாண்டு நவம்பர் 26இல் பொட்கோரிட்சாவில் கூடிய பேரவை, அரசர் நிக்கோலாவை நீக்கி நாட்டைச் செர்பியாவோடு இணைத்தது. 1919 ஜனவரியில் அதை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்து ஒடுக்கப்பட்டது. இணைப்பை ஆதரித்தோர் 'வெள்ளையர்', எதிர்த்தோர் 'பச்சையர்' எனப் பெயர் பெற்றனர். முன்னரே நாட்டைவிட்டு வெளியேறியிருந்த அரசர் 1921இல் பிரான்சில் காலமானார். புலம்பெயர்ந்தோரில் அவரும் ஒருவரானார். அவருடைய எலும்புகள் 1989இல்தான் செட்டின்யேக்குத் திரும்பின.

இவ்வாறு, மெதோவாவில் மூழ்கியவர்கள் எந்த நாட்டுக்காகத் திரும்பினார்களோ அந்த நாடு, மூன்றே ஆண்டுகளில் தனி அரசாக இல்லாது போயிற்று. அவர்களுக்குச் சிலை எழுப்பிய 1939இலும் அது இல்லை. ஆனால் சாக்கோவின் பருத்திக் காட்டில் அப்பெயர் வழங்கி வந்தது.

அதே வேளையில், உள்நாட்டின் பிளவு கடல் கடந்தும் சென்றது. தாம் மாண்டினீக்ரோ மண்ணின் செர்பியரே என்று கொண்டவர்களும், தனித்த மக்கள் என்று கொண்டவர்களும் வெளிநாடுகளிலும் எதிரெதிரே நின்றனர். 2006 மே 21 வாக்கெடுப்பில் தேவையான 55 விழுக்காட்டை மயிரிழையில் கடந்து 55.5 விழுக்காட்டோடு நாடு தன்னுரிமை பெற்றது. அன்று இப்பிளவு முடியவில்லை. 2023 கணக்கெடுப்பிலும் உள்நாட்டில் 41 விழுக்காட்டினர் தம்மை மாண்டினீக்ரோவினர் என்றும், 33 விழுக்காட்டினர் செர்பியர் என்றும் பதிந்தனர்.

வொய்வொதினாவின் லொவ்ச்செனாட்ஸ் என்னும் ஊர் இதற்கு நல்ல சான்று. இரண்டாம் உலகப்போரின் முடிவில் ஜெர்மானியர் வெளியேறிய, வெளியேற்றப்பட்ட அவ்வூரில், 1945 முதல் மாண்டினீக்ரோ மலைவாசிகள் குடியமர்த்தப்பட்டனர். பிறர் இழந்த வீடுகளில் குடிபுகுந்து, சமவெளியில் நின்றுகொண்டு, தம் மலையின் பெயரை ஊருக்குச் சூட்டினர். அவர்கள் எல்லை எதையும் கடக்கவில்லை. 2006இல் எல்லைதான் அவர்களைக் கடந்தது. செர்பியாவில் தம்மை மாண்டினீக்ரோவினர் எனப் பதிந்தோர் 2002இல் 69,049 பேர், 2011இல் 38,527, 2022இல் 20,238. இத்தனை வேகமாக மக்கள் மாண்டு மறைவதில்லை. அவர்களிற் பலர் தம் பெயரை மாற்றிக்கொண்டனர் என்றே கொள்ள வேண்டும்.

அண்மைக்கால வெளியேற்றம் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. பிளாவ், குசின்யே, ரொஷாயே பகுதிகளின் பொஸ்னியாக்குகளும் துஸி, உல்ட்சின் பகுதிகளின் அல்பேனியரும் நியூயார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் லக்சம்பர்க்கிலும் வேரூன்றியுள்ளனர். தம்மை மாண்டினீக்ரோவினர் என்று கூறாவிடினும் கோடையில் அவர்கள் திரும்பிச்செல்லும் ஊர் அங்கேதான் இருக்கிறது. தன்னுரிமை பெற்ற நாடு இவர்கள் அனைவரையும் தன் புலம்பெயர்ந்தோராக எண்ண விரும்புகிறது. ஆனால் 2008ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்குக் கதவைப் பெரும்பாலும் சாத்தியே வைத்திருக்கிறது. மகனே வா என்கிறது கை. வாசலில் நிற்கிறது சட்டம்.

'இவர்கள் உண்மையில் யார்?' என்று கேட்டு ஒரே விடையை வற்புறுத்துவது வரலாறாகாது. அதைத்தான் குடிவரவு அலுவலர்கள் செய்தனர். பேரவைகளும் கணக்கெடுப்பாளர்களும் செய்தனர். மெதோவாவில் இறந்தோருள் மாண்டினீக்ரோவைச் சேர்ந்தவர்களோடு கோட்டோர் விரிகுடாவினரும் ஹெர்ஸகோவினியரும் இருந்தனர். சட்டப்படி அவர்களிற் பலர் எதிரிநாட்டுப் பேரரசின் குடிகள். ஆயினும் ஒரே கப்பலில் ஏறினர். செட்டின்யேயின் அந்தச் சிலை, தன் பிள்ளைகள் எந்தப் பதிவேட்டில் எந்த இனமாக எழுதப்பட்டனர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பெயரைப் பற்றி வாதிடும் உரிமை உயிரோடிருப்பவர்களுக்கு உண்டு. அந்த வாதத்தை நடத்தும்போது, பெயருக்காக அன்றி ஊருக்காகத் திரும்பியவர்களையும் அவர்கள் நினைவில் கொண்டால் நல்லது.