வீட்டிலேயே ரைஃபிள் தோட்டா தயாரிக்கும் அமெரிக்கர்கள்: கொஞ்சம் அசந்தால் என்ன ஆகும்?

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாமல், அதில் மறுபடியும் மருந்து நிரப்பிச் சுடுவது அமெரிக்காவில் பல வேட்டைக்காரர்களின் பழக்கம். இதற்குப் பெயர் 'ஹேண்ட்லோடிங்'. சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் அங்கே மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. செலவு குறையும் என்பதைவிட, தன் துப்பாக்கிக்கென்றே பொருந்துகிற தோட்டா கிடைக்கும் என்பதுதான் இதில் ஈர்ப்பு.

ஆபத்து எங்கே?

கூடு, பிரைமர், மருந்து, குண்டு... ஒரு தோட்டாவில் இந்த நான்கும்தான். பிரைமர் பற்றவைக்க, மருந்து எரிந்து வாயுவாகி குண்டைத் தள்ளும். வேட்டைக்காரர்களிடம் பிரபலமான .30-06 ரக தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. நம்ம கார் டயரில் இருப்பது 30 முதல் 35 வரைதான்! இது எல்லை மீறினால் துப்பாக்கியே கையில் வெடிக்கும்.

மருந்தை 'கிரெய்ன்' கணக்கில் எடை போடுவார்கள். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். உச்சத்தை நெருங்க நெருங்க, மருந்து கூடுவதைவிட வேகமாக அழுத்தம் ஏறும். அதனால்தான் கையேடுகளில் ஆரம்ப அளவு, உச்ச அளவு என இரண்டு எண்கள். ஆரம்ப அளவில் தொடங்கி, துளித்துளியாகக் கூட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் சுட்ட கூட்டைப் பரிசோதிக்க வேண்டும். பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தாலோ, போல்ட் திறக்க இறுகினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். ஆனா ஒரு விஷயம், அறிகுறி தெரியவில்லை என்பதற்காக அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கையேட்டின் உச்சத்தைத் தாண்டவே கூடாது.

மருந்து ரகம், குண்டு, பிரைமர், கூடு என எதை மாற்றினாலும் மறுபடி கீழிருந்துதான் தொடங்க வேண்டும். லேபிள் கிழிந்த டப்பா மருந்தை நம்பவே கூடாது. வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்தை ரைஃபிள் தோட்டாவில் தவறுதலாக நிரப்பினால், அதே எடைக்கே விபரீதம் நடக்கும்.

மருந்து போட மறந்தாலும் ஆபத்துதான்! பிரைமரின் வேகம் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளிச் சிக்கவைக்கலாம். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கலாம். குண்டைப் பொருத்தும் முன் எல்லாக் கூடுகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

நண்பர் செய்து கொடுத்த தோட்டா? அவர் துப்பாக்கியில் ஒழுங்காகச் சுட்டது, இன்னொரு துப்பாக்கியில் எல்லை மீறலாம்.

இந்தியாவில் எப்படி?

இங்கே கதையே வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, தோட்டா தயாரிக்கவே லைசென்ஸ் வேண்டும்.