ரிக்கெட்ஸ் எதிர் ஆடம்சன்

ரிக்கெட்ஸ் எதிர் ஆடம்சன் (1987) என்பது, ஒரே குற்றத்துக்காக ஒருவரை இருமுறை விசாரிப்பதைத் தடுக்கும் அரசியலமைப்பு விதி, குற்ற ஒப்புதல் பேரத்துக்கு எவ்வாறு பொருந்தும் என்பது குறித்து ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஆகும்.

பின்னணி

1976 இல் அரிசோனாவில் செய்தியாளர் டான் போல்ஸ் கார்க் குண்டினால் கொல்லப்பட்டார். ஜான் ஆடம்சன் இரண்டாம் நிலைக் கொலையை ஒப்புக்கொண்டு, பிறருக்கு எதிராகச் சாட்சியமளித்து, 48-49 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர்களது தண்டனைகள் 1980 இல் நீக்கப்பட்டன. தமது கடமை முடிந்துவிட்டது என்று கூறி, மறுவிசாரணையில் சாட்சியமளிக்க ஆடம்சன் மறுத்தார். மாநில அரசு முதல் நிலைக் கொலை வழக்குத் தொடர்ந்தது. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

தீர்ப்பு

ஒப்பந்தம் மீறப்பட்டால் பழைய குற்றச்சாட்டு மீளும் என அதிலேயே குறிப்பிடப்பட்டிருந்ததால், தடை பொருந்தாது என 5-4 பெரும்பான்மையில் தீர்மானிக்கப்பட்டது. ஒப்பந்தத்துக்கு ஆடம்சன் கொண்ட பொருள் நியாயமானதே என்று நீதிபதி பிரென்னன் மாறுபட்டார். மரண தண்டனையை 1988 இல் ஒன்பதாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது.