பாசிமணி வீட்டுப் பிள்ளைகள்

ஆவடியில் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளையை மற்ற பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு முதலில் கேட்பது, "நீ எந்த ஊரு?" என்றுதான். கேட்கிற பிள்ளையின் அப்பாவும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவராகவே இருப்பார். வந்தவர்களால் வளர்ந்த ஊர் இது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றிய இடம். 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் அங்கிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது. படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், சி.ஆர்.பி.எஃப். முகாம் எல்லாம் இதே ஊரில். பக்கத்து அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை தொடங்கியது.

அப்படி வந்தவர்களின் பிள்ளைகளைப் பற்றி அரசாங்கம் அப்போதே யோசித்தது. அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் படிப்பு கெடக்கூடாதென்று, 1963-ல் 20 ராணுவப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு உருவானவைதான் பிற்காலத்தில் கேந்திரிய வித்யாலயா ஆனவை. ஆவடியிலேயே அத்தகைய பள்ளிகள் பல உண்டு. அப்பா கையில் டிரான்ஸ்பர் ஆர்டர், பிள்ளை கையில் டி.சி. ஜபல்பூரிலிருந்து பாதி வருஷத்தில் வந்தாலும் அதே பாடப்புத்தகத்தில் விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம். நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை.

அதே ஊரில் ஆர்டர் எதுவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஊர்மாறிக்கொண்டே இருந்தவர்களும் உண்டு: நரிக்குறவர்கள். திருவிழா எங்கேயோ அங்கே கடை. பேருந்து நிலைய ஓரத்தில் துணியை விரித்து, ஊசி, பாசி, மணி, சீப்பு, பின்னூசி என்று பரப்பிவிட்டு, குறடால் கம்பியை வளைத்து வளைத்து மணியைக் கோத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பெண் விலை சொல்லும், மீதிச் சில்லறையைத் தப்பில்லாமல் எண்ணித் தரும். கணக்குப் பாடத்தில் அவளை யாரும் குறைசொல்ல முடியாது.

ஆனால் வகுப்பறைக்குள் போனால் அவள் எப்போதும் புதுப் பிள்ளைதான். வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தி, மராத்தியோடு உறவுள்ள, சொந்த எழுத்து இல்லாத மொழி. பாடமோ தமிழில். திருவிழாக் காலத்தில் குடும்பமே கிளம்பினால் வருகைப் பதிவேட்டில் வரிசையாக 'ஆப்சென்ட்'. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அவர்களின் பழைய வேட்டைத் தொழிலும் போய், குடும்பங்கள் பாசிமணியை மேலும் நம்ப வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் மேலே, சாதிப் பெயரையே கூப்பிடும் பெயராக்கிவிடும் சக மாணவர்கள். இது எல்லாவற்றிலும் கொடுமை. டிரான்ஸ்பரில் வந்த பிள்ளை மூன்று மாதத்தில் பழைய மாணவராகிவிடுகிறது. இந்தப் பிள்ளையோ ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே பள்ளியில் படித்தாலும் பத்தாம் வகுப்பிலும் ஒதுக்கப்படுகிறது.

2022 மார்ச்சில் ஆவடி நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று மாணவிகள் இதை வாய்விட்டுச் சொன்னார்கள். கேமரா முன்னால் நின்று, பள்ளியில் தங்களை எப்படி நடத்துகிறார்கள், குடியிருப்பில் என்னென்ன வசதி இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். அழுது புலம்பவில்லை, தெளிவாக, கோர்வையாகப் பேசினார்கள். அந்த வீடியோ பரவியது. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவர்களைத் தலைமைச் செயலகத்துக்கு அழைத்துப் பேசினார். எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். வந்தால் சாப்பாடு உண்டா என்று அவர் கேட்டார்.

ஏப்ரல் 15 அன்று காலை அவர் ஆவடி பருத்திப்பட்டுக்கு வந்தார். கழுத்தில் பாசிமணி மாலைகளோடு, மாணவி ஒருத்தியின் வீட்டில் உட்கார்ந்து சிற்றுண்டி சாப்பிட்டார். முதல்வரின் வருகையால்தான் அந்த நாளை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவரை அங்கே வரவழைத்தது பள்ளிப் பிள்ளைகளின் பேச்சு.

காகிதத்தில் நடந்த சண்டை இன்னும் நீளமானது. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோக்கூர் குழு 1965-லேயே பரிந்துரைத்தது. ஆனால் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே வருஷங்கள் போயின. 2008-ல் மாநில அரசு தனி நலவாரியம் அமைத்தது. 2010-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், டி.சி. தாமதமானாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றது. ஊர் ஊராகப் போகிற குடும்பத்துக்கு இதைவிடத் தேவையான விதி வேறில்லை. பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது 2022 டிசம்பரில்.

நடுவே 57 வருஷம். லோக்கூர் குழு பரிந்துரைத்த ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயதிலிருந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டி, கண்ணுக்கு மிக அருகே பிடித்துப் பாசி கோத்துக்கொண்டிருக்கிறார்கள்.